முதல் அலை

ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரி நடைகூடத்தில்
"நாற்பத்தொன்று" என்று மூன்று தடவை கூப்பிட்டேன்.
எழவில்லை.
தோளைத் தொட்டதும் சிரித்தார்.
"கூப்பிட்டது கேட்டுது மக்ளே,
யாரைண்ணுதான் தெரியல்ல."

பெயர் கிளீட்டஸ். குளச்சல்.
இருபத்திரண்டு வருடம் வள்ளத்தின் பின்கோடியில்
எஞ்சின் பிடித்தவர்.
முட்டு போனபிறகு கரையில் ஏலம் விடுகிறார்.
மூவாயிரத்து எழுநூறு என்று ஒருவன் கேட்டிருக்க
அறுநூறு சொன்னவனுக்குச் சாளையை அடித்துக் கொடுத்தாராம்.
அவன் மச்சினனாம்.
இரண்டு மாதமாக வியாபாரிகள்
அவர் முகம் பார்ப்பதில்லை.

கனத்த கதவுள்ள அறை.
உள்ளே இருந்தால்
எச்சில் விழுங்குவது தனக்கே கேட்கும்.
ஹெட்ஃபோனில் கீச்சென்று ஒன்று, கட்டையாக ஒன்று,
பிறகு எறும்பு நடப்பதுபோல் ஒன்று.
எல்லாவற்றுக்கும் பொத்தானை அமுக்கினார்.
வரைபடத்தில் ஒரு சின்னப் பள்ளம்,
அதுவும் வயதுக்குள் அடங்கிவிடும்.
இந்தக் காதுக்கு யாரும்
"ஒன்றுமில்லை" என்றுதான் எழுதுவார்கள்.
எழுதியிருந்தார்கள். மூன்று சீட்டுகள்,
பாலிதீன் கவரில்.

நெற்றியில் ஒரு ஒயர், காதுக்குப் பின்னால் ஒன்று.
"உறங்கலாமா?"
உறங்குங்கள்.
இரண்டாயிரம் சொடுக்குகள்.
ஒற்றைச் சொடுக்குக்கு நரம்பு சொல்லும் பதில்
தலைக்குள் ஓடும் மற்ற மின்சாரத்தில் முங்கிவிடும்.
இரண்டாயிரத்தையும் அடுக்கிச் சராசரி எடுத்தால்தான்
திரையில் அலை எழும்.
ஐந்தாவது நன்றாக நின்றது.
முதலாவது,
செவி நரம்பின் சொந்த அலை,
எழுந்ததா என்று நான் இரண்டுமுறை பார்க்கவேண்டியிருந்தது.

காது வாங்குகிறது. மூளை காத்திருக்கிறது.
நடுவிலுள்ள இழைகளில் பாதி
முனை விட்டுக் கிடக்கின்றன என்பது என் யூகம்.
யூகம்தான்; உயிருள்ள காதை
வெட்டிப் பார்க்க முடியாது.
முணுமுணுப்புக்கே விழித்துக்கொள்ளும் இழைகள் பிழைத்துக்கிடக்கும்.
இரைச்சலுக்குள்ளிருந்து சொல்லைப் பிரித்துத் தருபவை
முதலில் போகும்.
நாங்களோ ஆளை அமைதியில் உட்காரவைத்துப்
பரீட்சை வைக்கிறோம்.

அடுத்த வாரம் விடியலில் குளச்சல் போய்
ஏலக்கரையின் சத்தத்தைப் பதிந்து வந்து
அதற்குள் சொற்களைக் கலந்து ஒலிக்கவிட்டேன்.
அறுநூறு. "எழுநூறா?"
நெத்தோலி. "என்னவோ ஓலைண்ணு..."
இருபத்தைந்தில் ஒன்பது சரி.
திடீரென்று கையைத் தூக்கினார்:
"நிறுத்து. இது பெர்னதீன் வள்ளம்.
ஒரு பிளக் அடிக்கல்ல. அவன்ட்ட சொல்லணும்."

மறுபடி ஓட்டிப் பார்த்தேன்.
எனக்கு எல்லாம் ஒரே உறுமல்.
"இரைச்சல் 3" என்று நான் பெயரிட்ட கோப்புக்குள்
அவருக்குத் தெரிந்த ஆட்கள் இருந்தார்கள்.

போகும்போது,
"நான் கள்ளன் இல்லண்ணு ஒரு பேப்பர் தருவியா?"

ஒப்புதல் படிவம், நாலாவது பத்தி:
இந்த ஆய்வால் பங்கேற்பவருக்கு நேரடிப் பலன் இல்லை.
கீழே அவர் கையெழுத்து.
ஒரு குட்டை அலையை நம்பி
யாருக்கும் சான்றிதழ் கொடுக்க எனக்கு அனுமதியில்லை.
வெள்ளைத்தாளில் பேனாவால் எழுதினேன்:
சத்தமான இடத்தில் இவருக்குப் பேச்சு பிரிந்து கேட்காது.
நடிக்கவில்லை.
சீல் வைக்கவில்லை. என்னிடம் சீல் இல்லை.

எழுத்துக்கூட்டி வாசித்தவர்
"கேட்காது" மேல் விரலை வைத்தார்.
"ஏலத்துல கேக்கதுண்ணா விலை சொல்லுதது.
அவனுவ கேப்பானுவ, அதை நான் கேக்கணும்.
ரெண்டுக்கும் ஒரே வார்த்தைய வச்சவன்
கடப்பொறத்துல நிண்ணிருக்க மாட்டான்."

தாளை அந்த மூன்று சீட்டுகளோடு கவருக்குள் செருகிக்கொண்டு
நடைகூடத்துக் கூட்டத்தில் இறங்கினார்.

நான் வாசலில் நின்று
"நாற்பத்திரண்டு" என்றேன்.

அவர்தான் திரும்பிப் பார்த்தார்.